வயநாட்டில் எது காடு?

கேரளத்து வயநாட்டைப் பற்றி எழுதும் நம்மவர் 'பச்சைக் கம்பளம்' என்று தவறாமல் வியக்கின்றனர். அவர்கள் காட்டும் படங்களில் இருப்பதோ பெரும்பாலும் தேயிலை. காட்டை அழித்து நட்ட பயிரைக் காடென்று போற்றுவது எனக்கு உடன்பாடன்று. தோட்டப்புறத்தில் வளர்ந்த நாமே இவ்வாறு மயங்கலாமா?

அம்புகுத்தி மலையிலுள்ள எடக்கல்லையும் 'குகை' என்கின்றனர். அது பாறைப் பிளவு; மேலே ஒரு பெருங்கல் சிக்கி நிற்கிறது. எடக்கல் என்பது நம் 'இடைக்கல்'தான். (வகுப்பில் இதைச் சொன்னால் மாணவர்க்கு மலையாளம் சட்டென நெருங்கிவிடும்.) பழங்காலக் கீறல் உருவங்களோடு தமிழ்ப் பிராமி எழுத்துகளும் அங்குண்டு.

1802இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பனமரம் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றியோருள் முதன்மையானவர்கள் தலக்கல் சந்துவின் குறிச்சிய வில்லாளிகள். 1805இல் மாண்ட பழசிராசாவைத் திரைப்படத்தால் அறிந்த நாம், அதே ஆண்டில் உயிர்நீத்த சந்துவை அறியோம்.

2011இல் மாதவ் காட்கில் குழு, வைத்திரி வட்டத்தை மிகுந்த கவனத்துடன் காக்க வேண்டிய பகுதியாகக் குறித்தது. 2024 ஜூலை 30இல் அவ்வட்டத்தின் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் மலை சரிந்தது. தோட்டக் குடியிருப்புகளில் உறங்கியோரும் மடிந்தனர். அதன் பின்னும் கம்பளம் என்றே எழுதுவோமா? அடுத்த விடுமுறையில் அங்குச் செல்வோர், பனமரத்திலுள்ள சந்துவின் நினைவிடத்தையும் கண்டு வந்து எழுதுங்கள்.