ஏன் என்று கேட்கட்டும்!

கல்லூரியில் படித்தால் என்ன கிடைக்கும்?

பட்டம் கிடைக்கும். வேலை கிடைக்கும். அவ்வளவுதானா?

சொந்தமாகச் சிந்திக்கும் திறமையும் கிடைக்க வேண்டும். கல்கத்தா இந்துக் கல்லூரி இதற்கு ஓர் உதாரணம்.

1826-ம் ஆண்டு ஹென்றி டெரோசியோ என்பவர் அங்கே ஆசிரியர் ஆனார். அப்போது அவருக்கு வயது 17!

இரண்டு பக்கம்

ஆங்கில இலக்கியமும் சரித்திரமும் அவர் நடத்திய பாடங்கள்.

கடவுளைப் பற்றிச் சந்தேகம் எழுப்பிய ஹியூம் என்ற அறிஞரின் வாதத்தைச் சொல்வார். அதை மறுத்தவர்களின் வாதத்தையும் சொல்வார். எது சரி என்று மாணவர்களே யோசிக்க வேண்டும்.

பெற்றோர்கள் பயந்தார்கள். பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று புகார் செய்தார்கள். சிலர் படிப்பையே நிறுத்தினார்கள்.

நிர்வாகிகள் அவரை விலக்க முடிவு செய்தார்கள். 1831 ஏப்ரலில் டெரோசியோ ராஜினாமா செய்தார். அதே ஆண்டு டிசம்பரில் காலரா கண்டு இறந்தார். வயது 22.

மாணவர்களில் சிலர் பெரியவர்களின் மனம் புண்படும்படி நடந்தது உண்மை. அது தவறுதான். ஆனால் கேள்வி கேட்கும் பழக்கம் வீண் போகவில்லை.

எவரெஸ்ட் கணக்கு

ராதாநாத் சிக்தார், டெரோசியோவின் சீடர்களில் ஒருவர். கணிதம் கற்பித்தவர் வேறு ஆசிரியர். கேள்வி கேட்கக் கற்பித்தவர் டெரோசியோ.

ராதாநாத் சர்வே இலாகாவில் கணக்குப் போடும் வேலையில் சேர்ந்தார்.

இமயமலைச் சிகரம் ஒன்றை 6 இடங்களிலிருந்து அளந்திருந்தார்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வோர் உயரம் வந்தது. எந்த ஒன்றையும் அப்படியே நம்பிவிடவில்லை. காற்றில் ஒளி வளைவதால் வரும் பிழையைத் திருத்தினார்கள். பிறகு சராசரி எடுத்தார்கள். உயரம் 29,002 அடி என்று வந்தது. இந்தக் கணக்கில் ராதாநாத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

அந்தச் சிகரம்தான் எவரெஸ்ட்! 2020-ல் அறிவிக்கப்பட்ட அளவுக்கும் இதற்கும் வித்தியாசம் சுமார் 30 அடிதான்.

வீட்டுக்கும் வந்தது

ராதாநாத் அதோடு நிற்கவில்லை. 1854-ல் நண்பர் பியாரி சந்த் மித்ராவுடன் சேர்ந்து ஒரு மாதப் பத்திரிகை தொடங்கினார். பெண்களும் படித்துப் புரிந்துகொள்ளும்படி, எளிய வங்காளியில் அது வெளிவந்தது. கல்லூரியில் பெற்ற அறிவு, வீடுகளுக்குள்ளும் நுழைந்தது.

பெற்றோர்களே! பிள்ளை "ஏன்?" என்று கேட்டால், "வாயை மூடு" என்று அதட்டாதீர்கள். அது மரியாதைக் குறைவு அல்ல. தெரிந்தால் பதில் சொல்லுங்கள். தெரியாவிட்டால், "சேர்ந்து தேடுவோம்" என்று சொல்லுங்கள்.

மாணவர்களே! கேள்வி கேட்டால் மட்டும் போதாது. எதிர்க்கட்சி சொல்வதையும் காதுகொடுத்துக் கேளுங்கள். சரிபாருங்கள். பிறகு முடிவு செய்யுங்கள்.

அதுதான் படிப்பு!