பூசணித் தோட்டத்துக்கு அம்மம்மாவும் வரட்டும்

புரட்டாதி முடிந்து ஐப்பசி பிறக்கும் இந்நாட்களில், ரொறன்ரோவுக்கு வடக்கே மார்க்கம் தொடக்கம் அக்ஸ்பிரிட்ஜ் வரையுள்ள வயல்வீதிகளில் சனி, ஞாயிறுதோறும் வாகனங்கள் வரிசையாக நிற்கின்றன. மேப்பிள் இலைகள் சிவந்து, காலைப் புல்லின்மீது முதற்பனி படியத் தொடங்கும் காலம் இது. குடும்பத்தோடு பூசணித் தோட்டத்துக்குப் போவது இந்நாட்டவரின் நெடுநாள் வழக்கம். இப்போது அது நமது வழக்கமும் ஆகிவிட்டது. வைக்கோல் பரப்பிய இழுவை வண்டியில் ஏறி வயலுக்குச் செல்கிறோம். சோளக்கொல்லையில் வெட்டப்பட்ட புதிர்வழியில் பிள்ளைகள் தொலைந்து மீள்கிறார்கள். ஆளுக்கொரு பூசணிக்காயைத் தெரிந்து, அதனோடு படமும் எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறோம்.

எங்கள் சிறுநீரகப் பிரிவில் பணியாற்றுவோருக்கு இப்பருவம் வேறொரு வகையிலும் தெரியவரும். திங்கட்கிழமை இரத்தச் சுத்திகரிப்புக்கு, அதாவது டயலிசிஸ் சிகிச்சைக்கு, வந்து அமரும் மூத்தவர்களிடம் வார இறுதி எப்படிக் கழிந்தது என்று கேட்டால், பலரிடமிருந்தும் ஏறக்குறைய ஒரே விடைதான் வரும்: "பிள்ளையள் எல்லாரும் பூசணித் தோட்டத்துக்குப் போட்டினம். நான் வீட்டில நிண்டனான்." குரலில் குறைபட்டுக்கொள்ளும் தொனி இராது. கைபேசியை எடுத்துப் பேரப்பிள்ளைகளின் படங்களை மகிழ்ச்சியோடு காட்டுவார்கள். அப்படங்களில் அவர்கள் இல்லை.

குளிர் பிடித்துவிடும், நடக்க இயலாது, களைத்துவிடுவார் என்ற அக்கறையினாலேயே குடும்பத்தினர் நோயாளியை வீட்டில் விட்டுச் செல்கின்றனர் என்பதை நாங்கள் அறிவோம். ஆயினும் அது பெரும்பாலும் தவறான முடிவு என்பதும், அத்தவற்றில் மருத்துவர்களாகிய எங்களுக்குப் பெரும் பங்குண்டு என்பதும் எங்கள் கருத்து.

பிறரைக் குறைகூறுமுன் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறோம். எங்கள் அம்மாவும் திங்கள், புதன், வெள்ளி என வாரம் மூன்று நாள், நாளொன்றுக்கு நான்கு மணிநேரம் சுத்திகரிப்பில் இருப்பவர். சிறுநீரக மருத்துவம் படித்தவர்கள் உள்ள வீடு இது. இருந்தும் முந்தைய ஆண்டு அவரை வீட்டில் விட்டுவிட்டே தோட்டத்துக்குப் போனோம். திரும்பும்போது அவருக்கென ஒரு சிறிய பூசணிக்காயை வாங்கிவந்து மேசைமீது வைத்தோம். அவர் அதை உருட்டிப் பார்த்துவிட்டு, "கொடியில முத்தினதோ, முந்தியே வெட்டிப்போட்டு அடுக்கி வைச்சதோ? கொடி இன்னும் பச்சையா நிக்குதோ?" என்று கேட்டார். எங்களுள் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. நாங்கள் கொடியைப் பார்க்கவேயில்லை. வலிகாமத்துச் செம்மண்ணில், கிணற்றிறைப்பில், வேலி நெடுகப் பூசணிக்கொடி படர்ந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர் அவர். அன்று அந்தத் தோட்டத்துக்குப் போன ஐந்து பேரினும் அங்கே போவதற்கு மிகவும் உரியவர் அவரே என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

நோயாளி ஒருவர் எங்கள் அறைக்குள் வந்தால் நாங்கள் என்ன சொல்லி அனுப்புகிறோம்? வாழைப்பழம் வேண்டாம், இளநீர் வேண்டாம், உப்பு வேண்டாம், தண்ணீரை அளந்து குடியுங்கள், கூட்டத்துக்குள் போகாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் தக்க காரணம் உண்டு. ஆனால் 'வேண்டாம்' என்ற சொல்லைப் பத்து முறை கேட்டு வீடு திரும்பும் குடும்பம், பதினொன்றாவதைத் தானே சேர்த்துக்கொள்கிறது. பூசணித் தோட்டத்துக்குப் போகக்கூடாது என்று எங்களுள் எவரும் சொன்னதில்லை. போகலாம் என்றும் எவரும் சொன்னதில்லை. 2, 3 மாதங்களுக்கு ஒருமுறை குருதிப் பரிசோதனை முடிவுகளை வரிவரியாக வாசித்துக் காட்டும் நாங்கள், "இம்மாதம் எங்கே போனீர்கள்?" என்று கேட்பதில்லை. கேட்கவேண்டும் என்பதே எங்கள் இன்றைய நிலைப்பாடு.

போகலாம் என்றால், எந்த நாளில் போவது? வாரம் மூன்று முறை சுத்திகரிப்பு நடைபெறுவதால், இரண்டு நாள் இடைவெளி வாரத்துக்கு ஒருமுறை வந்தே தீரும். அந்த நீண்ட இடைவெளியின் முடிவில்தான் உடலில் நீரும் பொட்டாசியமும் மிகுந்திருக்கும். இதயத்துக்கு இடர் மிகுந்த நேரமும் அதுவே. சுத்திகரிப்பு முடிந்த அன்று பலர் களைத்துக் கிடப்பர். ஆகவே சுத்திகரிப்புக்கு மறுநாளே வெளியே செல்வதற்கு ஏற்ற நாள். திங்கள், புதன், வெள்ளி வருவோருக்குச் சனி. செவ்வாய், வியாழன், சனி வருவோருக்கு ஞாயிறு. ஒக்டோபர் மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை கனடாவில் நன்றி நவிலல் நாள். 1957 முதல் அந்நாளே நிலையானது. அன்று குடும்பம் முழுவதும் ஒன்றுகூடும். ஆனால் சிறுநீரகத்துக்கு விடுமுறை இல்லை. அன்று உங்கள் முறை வருமாயின், நேரத்தையோ நாளையோ மாற்றித்தர இயலுமா என்று தாதியரிடம் இரு வாரங்களுக்கு முன்பே கேளுங்கள். எப்போதும் இயலாது, பல வேளைகளில் இயலும். கேட்பதற்குக் கூச்சப்பட்டுச் சுத்திகரிப்பையே தவறவிடுவோரையும் கண்டிருக்கிறோம். அது உயிருக்கே ஆபத்து. இரவில் இயந்திரத்தின் துணையுடன் வயிற்றினூடாகச் சுத்திகரிப்புச் செய்வோருக்கு இச்சிக்கலில்லை. பகல் முழுவதும் அவர்களுடையதே.

இன்னொரு தடையைப் பற்றி ஒருவரும் வாய்திறப்பதில்லை. சிறுநீரை மிகுவிக்கும் குளிசையைக் காலையில் எடுப்பவர்கள், வயல்வெளியில் கழிப்பறைக்கு எங்கே போவது என்ற அச்சத்தினாலேயே "நான் வரேல்லை" என்றுவிடுவார்கள். மூட்டுவலி, குளிர் என்று வேறு காரணம் சொல்வார்கள். பல தோட்டங்களில் தற்காலிகக் கழிப்பறைகள் உண்டு. அக்குளிசையை வீடு திரும்பிய பின் எடுக்கலாமா என்று எங்களிடம் கேளுங்கள். பலருக்கு ஒருநாள் அவ்வாறு மாற்றிக்கொள்ள இடமுண்டு. சற்றுக் கூச்சமான கேள்விதான்; நாங்கள் நாள்தோறும் சிறுநீரைப் பற்றியே பேசுபவர்கள், எங்களிடம் கூசவேண்டியதில்லை.

இனிப் பூசணிக்காய். மெக்சிக்கோவில் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்பே பயிராகிய குடும்பத்தைச் சேர்ந்தது அது. ஒன்ராறியோவின் முதற்குடியினராகிய வெண்டாட் மக்கள், ஐரோப்பியர் வருவதற்கு முன்பே சோளத்தையும் அவரையினத்தையும் பூசணியினத்தையும் பயிரிட்டு வந்தார்கள். தமிழ்நாட்டார் இதைப் பரங்கிக்காய் என்பர். கடல்கடந்து வந்த காய் என்பதை அப்பெயரே காட்டிக்கொடுக்கிறது. நாம் ஊர்க்காய் என்று உரிமை கொண்டாடுவது உண்மையில் இந்தக் கண்டத்தின் காய்.

சிறுநீரக நோயாளர் அதைக் கண்டு அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. வேகவைத்து மசித்த பூசணி ஒரு கோப்பையில் ஏறத்தாழ 560 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகம் அதை வெளியேற்றாதபோது அது குருதியில் தேங்கி, இதயத்துடிப்பையே நிறுத்திவிடக்கூடும். ஆனால் சிறு துண்டுகளாக வெட்டி, நிறையத் தண்ணீரில் அவித்து, அத்தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் கணிசமாகக் குறையும். அவ்வாறு சமைத்ததில் அரைக் கோப்பை பலருக்குப் பொருந்தும். உங்களுக்குப் பொருந்துமா என்பதை உங்கள் அண்மைக் குருதி முடிவைப் பார்த்து எங்கள் உணவியலாளர் சொல்வார். விதையை வறுத்துத் தின்பதில் மட்டும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்: 28 கிராம் விதையில் 300 மில்லிகிராமுக்கு மேல் பாஸ்பரஸ் உண்டு. தோட்டத்தில் விற்கும் சூடான அப்பிள் சாறும் அன்றைய தண்ணீர்க் கணக்கில் சேரும். சிறிய கோப்பையாக வாங்கிப் பேரப்பிள்ளையோடு பங்கிடலாம்.

அந்தச் சாறு கிருமிநீக்கச் சூடேற்றப்பட்டதா என்று விற்பவரிடம் கேட்பது எல்லோருக்கும் நல்லது. மாற்றுச் சிறுநீரகம் பெற்று நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகளை உட்கொள்வோருக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அது கட்டாயம். இங்கே சற்று நின்று ஒன்றைச் சொல்லவேண்டும், ஏனெனில் சிறுநீரக மருத்துவர்களாகிய எங்களுக்குப் பூசணித் தோட்டத்தில் மெய்யான அச்சம் தருவது இதுவே. மாடு, ஆடு, செம்மறி ஆகியவற்றின் குடலில் ஈ.கோலை ஓ157 என்ற கிருமி, அவற்றுக்கு எந்தத் தீங்கும் செய்யாமல் வாழக்கூடும். அது மனிதனின் வயிற்றுக்குள் போனால் குருதி கலந்த வயிற்றோட்டத்தை உண்டாக்கும். நோய் தொடங்கி ஏறத்தாழ ஒரு வாரத்தில், சிலருக்கு, குறிப்பாக ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு, சிறுநீரகங்கள் செயலிழந்துவிடும். இதே ஒன்ராறியோவின் வாக்கர்ட்டன் ஊரில் 2000ஆம் ஆண்டு மே மாதம் மாட்டெருவிலிருந்த இக்கிருமி குடிநீரில் கலந்ததால் 2,300க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். 7 பேர் இறந்தனர். ஆகவே ஆட்டுக்குட்டியைத் தடவிய கையைச் சவர்க்காரமிட்டுத் தண்ணீரில் கழுவாமல் பிள்ளைக்கு எதையும் உண்ணக் கொடுக்காதீர்கள். அழுக்குப் படிந்த கைக்குப் போத்தலில் வரும் கைத்திரவம் ஈடாகாது. விந்தை என்னவென்றால், அம்மம்மாவை வீட்டில் பாதுகாப்பாக விட்டுவிட்டு, இந்த ஒன்றை மறந்துபோவோர் பலர்.

"விழுந்துவிட்டால் என்ன செய்வது, தொற்று வந்துவிட்டால் என்ன செய்வது?" என்று எங்கள் துறையினர் சிலரே கேட்பதுண்டு. நேர்மையான கேள்வி. விழக்கூடும். சிறுநீரக நோயில் எலும்பு நலிந்திருக்கும், இழுவை வண்டியின் படி உயரமானது, குலுக்கலும் அதிகம். நடை தளர்ந்தவர் அவ்வண்டியில் ஏறவேண்டாம் என்றே நாங்களும் சொல்வோம். சுத்திகரிப்புக்கு ஊசி ஏற்றும் கையால் பூசணிக்காயைத் தூக்கக்கூடாது. அக்கையில் பையின் வாரையும் மாட்டக்கூடாது. சளிக்காய்ச்சல் தடுப்பூசி ஒக்டோபரில் கிடைக்கத் தொடங்கிவிடும், அதைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் வீட்டு நாற்காலியும் முழுப் பாதுகாப்பு அன்று. நடக்காத கால் இன்னும் நலிவடைகிறது. பேசாத மனம் சோர்வடைகிறது. அச்சோர்வு எங்கள் பரிசோதனைத் தாளில் எந்த வரியிலும் வராது. வாய்ப்பிருந்தும் அழைக்கப்படாதவர், மெல்ல மெல்ல மருந்தையும் சிகிச்சையையும் பொருட்படுத்தாமல் விடுவதை நாங்கள் கண்டிருக்கிறோம்.

கடந்த ஆண்டு, வெள்ளிக்கிழமை சுத்திகரிப்பு முடிந்த மறுநாள், அம்மாவை அழைத்துச் சென்றோம். முதல்நாள் மழை பெய்திருந்ததை நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. சக்கர நாற்காலியின் முன்சில்லுகள் சேற்றில் புதைந்துவிட்டன. மூத்த பேரன் நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இழுத்தபோதுதான் அது நகர்ந்தது. சரளைக்கல் பாதை உள்ள தோட்டமா என்று தொலைபேசியில் முன்னரே கேட்டிருந்தால் அந்தப் பாடு வந்திராது. நீங்கள் கேட்டுவிட்டுப் போங்கள்.

வயலில் கொடிகள் பனிபட்டுக் கருகிக் கிடந்தன. காய்கள் மட்டும் மண்மீது வெளித்தெரிந்தன. அம்மா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் வழவழப்பான, வட்டமான காய்களைக் கொண்டுவந்து காட்ட, அவற்றின் காம்பைப் பார்த்தே இரண்டைத் திருப்பி அனுப்பினார். "காம்பில பிடிச்சுத் தூக்காதேங்கோ, முறிஞ்சால் அதுக்குள்ளால அழுகும்" என்று கற்றுக்கொடுத்தார். பெருவிரல் நகத்தைத் தோலில் அழுத்தி, இறங்காவிட்டால்தான் முற்றியது என்று காட்டினார். கடைசியில் அவர் தெரிந்தது ஒரு பக்கம் தட்டையான, பச்சைத் தழும்புள்ள ஒரு காயை. ஒன்றரை மணிநேரத்தில் களைத்துவிட்டார். பிள்ளைகள் முணுமுணுக்க, எல்லோரும் வீடு திரும்பினோம். திரும்பும் வழியில் வாகனத்திலேயே உறங்கிவிட்டார்.

மறுநாள் அக்காயை வெட்டி, அவித்த தண்ணீரை ஊற்றியபோது, "தண்ணியை ஊத்தினால் பூசணிக்காயில பிறகு என்ன கிடக்கு?" என்று எங்களைக் கடிந்துகொண்டார். இருந்தும் பால்க்கறியில் அரைக் கோப்பை உண்டார். அடுத்த புதன்கிழமைக் குருதி முடிவில் பொட்டாசியம் வழமைபோலவே இருந்தது. விதைகளைத் தின்ன விடவில்லை. கழுவி, செய்தித்தாளில் பரப்பிச் சாளரத்தோரம் உலர்த்தச் சொன்னார். கலப்பின விதை, தாய்க்காயைப் போலக் காய்க்காது என்று சொன்னோம். "முளைக்கட்டும், பாப்பம்" என்றார். வைகாசியில் நட்ட எட்டில் ஐந்து முளைத்தன. கொடி இப்போது அயலவரின் வேலிமேல் ஏறிவிட்டது. அவர்களிடம் யார் போய்ப் பேசுவது என்பதை வீட்டில் இன்னும் முடிவுசெய்யவில்லை.