மினுக்கு விளக்கும் மக்கள் புத்தியும்

உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும், கடன் வாங்கியாவது பிள்ளைகள் படிப்புக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிவிட வேண்டும் என்கின்ற எண்ணம் உண்டாகி இருப்பதைக் கண்டு மகிழ்ச்சி அடைகின்றோம். எழுத்தே மறுக்கப்பட்டிருந்த மக்களுக்கு இது பெரிய மாறுதலேயாகும். ஆனால் நெல் விற்ற பணத்தைக் கொண்டுபோகின்றவர்கள் எதைப் பார்த்து வாங்குகின்றார்கள் என்பதே நமது கேள்வி. சிவப்பும் பச்சையும் நீலமுமாக மாறி மாறி எரியும் பெட்டியைக் காட்டி, "இதுதான் வேகமானது" என்று கடைக்காரன் சொன்னால் நம்மவர்கள் தலையாட்டி விடுகின்றார்கள்.

தோழர்களே! ஆர்.ஜி.பி. என்னும் அவ்விளக்கில் யாதொரு மகிமையும் கிடையாது. மூன்று நிறச் சிறு விளக்குகளை ஒன்றாகச் சேர்த்து, ஒவ்வொன்றின் ஒளியையும் 256 படிகளில் ஏற்றி இறக்குவதால் 1,67,77,216 நிறங்கள் தோன்றுகின்றன. இதற்கு வேண்டிய பிரகாசமான நீல விளக்கை உண்டாக்கிய அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் செய்தது அறிவு வேலை. அதைக் காட்டி ஏய்ப்பது வியாபாரத் தந்திரம். வேகம் பிராசசரிலும் ராமிலும் இருக்கின்றதேயொழிய விளக்கில் இல்லை. கற்பூரம் காட்டும்போது எதிரே இருப்பது கல் என்பது மறந்துபோவது போலவே, கண்ணாடிக் கதவுக்குள் நடக்கும் இந்தத் தீபாராதனையிலும் உள்ளிருக்கும் சரக்கு மறந்துபோகின்றது.

மினுக்கைக் கண்டு மயங்குவது நம் ஊருக்குப் புதிதல்ல. 919, 921-ம் ஆண்டுகளின் குடவோலைக் கல்வெட்டைக் காட்டி, ஜனநாயகம் பிறந்த ஊர் என்று பெருமை பேசுகின்றோம். அக்கல்வெட்டையே படித்தால், சொந்த நிலமும் வேதப் படிப்பும் கேட்டிருப்பது தெரியும். உழுதவனுக்கும் பெண்ணுக்கும் அந்தக் குடத்தில் ஓலை ஏது?

நிற்க. விளக்கை வைத்திருப்பவர்கள் அணைக்கும் வழியையாவது தெரிந்துகொள்ள வேண்டாமா? அநேக மதர்போர்டுகளின் பயாஸிலேயே அதற்கு இடமுண்டு. விசிறியின் விளக்கு வயர் தனியாக இருந்தால், மின்சாரத்தை நிறுத்திவிட்டு அதைப் பிடுங்கிவிடலாம். ஆனால் 5 வோல்ட் வயரை 12 வோல்ட்டில் மாற்றிச் சொருகினால் விளக்கு கருகிப்போகும். கம்ப்யூட்டரை நிறுத்திய பின்னும் மவுஸ் எரிந்தால், பயாஸில் இ.ஆர்.பி. என்பதைப் போட்டால் பெரும்பாலும் அணையும். ராமில் உள்ள விளக்குக்கு வயர் இல்லை, சாப்ட்வேர்தான் வேண்டும். பல கம்பெனிச் சாமான்களுக்கும் பொதுவாக ஓப்பன் ஆர்.ஜி.பி. என்பது இலவசமாகவே கிடைக்கின்றது. 2023 முதல் விண்டோஸ் 11-லும் சில சாமான்களுக்கு வசதி செய்யப்பட்டிருக்கின்றது.

கம்பெனிக்கு ஒன்றாகச் சாப்ட்வேரை ஏற்றிக் குவிப்பதில் ஆபத்தும் உண்டு. 2021-ல், ரேசர் மவுஸைச் சொருகியதும் தானே இறங்கும் சாப்ட்வேர் மூலம், எதிரில் உட்கார்ந்திருப்பவன் அந்தக் கம்ப்யூட்டரின் முழு அதிகாரத்தையும் பெற்றுவிடலாம் என்பது வெளியாயிற்று. கம்பெனியாரும் அதைத் திருத்த வேண்டியதாயிற்று. ஒரு விளக்குக்காக வீட்டுச் சாவியைக் கொடுப்பதா?

அலங்காரமே கூடாதென்று நாம் சொல்ல வரவில்லை. ஆசைப்படுகின்றவர்கள், அது அலங்காரம் என்று தெரிந்து வைத்துக்கொள்ளட்டும். நம் காசில் வாங்கிய விளக்கை எரிப்பதும் அணைப்பதும் நம் இஷ்டமாக இருக்க வேண்டும் என்பதே சுயமரியாதை. ஆகவே, கடைக்குப் போகும் தோழர்கள் முதலில் ஒன்று செய்யுங்கள். "ஐயா, விளக்கை அணைத்துவிட்டு, உள்ளே என்ன இருக்கின்றது என்று சொல்லும்" என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லக்கூடியவனிடமே பணத்தைக் கொடுங்கள்.