அக்காள் போட்ட கையெழுத்தும் அக்கன் கொடுத்த பொன்னும்

போன மாதம் ஒரு சார்பதிவாளர் அலுவலக வாசலில் பார்த்தது. ஐம்பது வயதுள்ள ஓர் அம்மாள், மடியில் மஞ்சள் பை. பத்திர எழுத்தர் விரல் வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போனார். அப்பாவின் நிலத்தில் தனக்குள்ள பங்கைத் தம்பிக்கு விட்டுத்தரும் விடுதலைப் பத்திரம் அது. ஒரு வரிகூட அவருக்குப் படித்துக் காட்டப்படவில்லை. வெளியே வந்ததும் தம்பி ஒரு புதுப் புடவையைக் கையில் கொடுத்தார். “தாய்வீடுன்னு ஒண்ணு வேணும்ல சார்” என்றார் அந்த அம்மாள் என்னிடம்.

பொம்பளைப் பிள்ளைக்குச் சொத்து கொடுப்பது நம் வழக்கத்திலேயே கிடையாது, நகை போட்டோம், சீர் செய்தோம், அதோடு சரி; சட்டம் வந்துதான் குடும்பத்தைப் பிரித்துவிட்டது. விழுப்புரம், திண்டிவனம் பக்கம் படித்தவர்களே சொல்லும் பேச்சு இது. கடாரம் வென்ற சோழர் பரம்பரை என்று வண்டியில் புலிக்கொடி ஒட்டிக்கொண்டவர்களும் சொல்கிறார்கள். அந்தச் சோழர் வீட்டில் என்ன நடந்தது என்று பார்த்துவிடுவோம்.

திண்டிவனத்துக்கு அருகே தாதாபுரம் இருக்கிறது. ராஜராஜபுரம் என்பது அதன் பழைய பெயர். ராஜராஜனின் அக்காள் குந்தவை அங்கே சிவனுக்கும் விஷ்ணுவுக்கும் சமணருக்குமாக மூன்று கோயில்கள் எடுப்பித்தாள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் அவள் கொடுத்த பொன் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று எடைபோட்டு எழுதப்பட்டிருக்கிறது. தான் கொடுத்ததற்கு அடுத்தபடியாகத் தன் அக்கன் கொடுத்ததையும் கல்லில் வெட்டச் சொன்னவன் ராஜராஜன். அவள் வந்தியத்தேவனுக்கு வாழ்க்கைப்பட்டவள். கல்வெட்டு அதையும் சொல்கிறது. ஆனாலும் அவள் பெயர் பராந்தகன் குந்தவை. கல்யாணத்துக்குப் பிறகும் அப்பா பெயர் முன்னால் நிற்கிறது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தஞ்சைக் கோயிலில் படிமம் எடுத்து வைத்ததும் இந்த மகள்தான். கட்டிக்கொடுத்துவிட்டால் வேற்று வீட்டுப் பிள்ளை என்ற பேச்சுக்கு அந்தக் கல்லில் இடமில்லை.

திருவக்கரைக்கும் போய்ப் பாருங்கள். அங்கே சிவனுக்குக் கற்றளி எடுத்தவள் செம்பியன் மாதேவி. கணவன் கண்டராதித்த சோழன் இறந்தபின் நாற்பது ஆண்டுக்கும் மேல் கோயில் கோயிலாகக் கட்டிய கைம்பெண்.

அரசிகள் கதை வேறு என்பீர்கள். நியாயம்தான். அதே கல்வெட்டுகளில் சில பெண்கள் ‘முதுகண்’ என்ற ஆண் காப்பாளரை வைத்துத்தான் நிலம் விற்றிருக்கிறார்கள். சோழர் காலம் பொற்காலம் என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் முதுகண் வைத்து விற்றாலும் விற்றது அவள் நிலம். இல்லாத சொத்தை யாரும் விற்க முடியாது.

நம் ஊரை விட்டு வெளியேயும் ஒரு கணம் பார்ப்போம். ராஜராஜன் ஆண்ட அதே காலத்தில் ஐரோப்பாவின் வடகடலில் கப்பல் விட்டவர்கள் வைக்கிங்குகள். கொள்ளைக்காரர் என்றே பெயரெடுத்தவர்கள். அவர்களில் பெரும்பாலோர் உழவர்கள். ஆண்கள் கடலேறினால் பண்ணையை நடத்தியது பெண்கள். பண்ணைச் சாவியோடு புதைக்கப்பட்ட பெண்களின் கல்லறைகள் கிடைத்திருக்கின்றன. அங்கும் மகன் இருந்தால் மகளுக்கு வாரிசுரிமை குறைவுதான். ஆனால் கல்யாணத்தில் அவளுக்குக் கொடுத்தது அவளுடையது. சாட்சி வைத்து மணவிலக்குச் சொன்னால் அதை எடுத்துக்கொண்டு வெளியேறலாம். நம் பெண்களின் சீர் நகை எத்தனை வீட்டில் அவர்கள் கையில் இருக்கிறது? அடகுக் கடையில் இருக்கிறது. மாமியார் பீரோவில் இருக்கிறது.

சட்டம் வெளியிலிருந்து வந்ததா? 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சமச் சொத்துரிமை கேட்டுத் தீர்மானம் போட்டவர்கள் நம் ஆட்கள். 1989-ல் நம் சட்டமன்றம் அதைச் சட்டமாக்கியது. ஆனால் அதற்குமுன் கல்யாணம் ஆன பெண்களை அது விட்டுவிட்டது. 2005-ல் நாடு முழுவதும் வந்த சட்டத் திருத்தம் அவர்களையும் சேர்த்தது. குடும்பத்தைப் பிரிப்பது பங்கு கேட்கும் அக்காள் இல்லை. பங்கைக் கேட்டால் உறவு அறும் என்று மிரட்டுகிறவர்கள்தான் பிரிக்கிறார்கள்.

அக்காமார்களே, தங்கைமார்களே, பத்திரத்தை வீட்டுக்கு எடுத்து வாருங்கள். படிக்கத் தெரிந்த மகளை விட்டு முழுக்கப் படிக்கச் சொல்லுங்கள். மகன் பங்கு எவ்வளவோ மகள் பங்கும் அவ்வளவே. அப்பா 2005-க்கு முன்பே இறந்திருந்தாலும் பூர்வீகச் சொத்தில் அந்த உரிமை உண்டு என்று 2020 ஆகஸ்டு 11-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது.