தங்கச்சி வீட்டிலிருந்தே காலேஜ் போனா மிச்சம் யாருக்கு?

வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மூணு வருஷம் ஆன பலருக்கு ஒரு பொறுப்பு தானா வந்து சேர்ந்திருக்கும்: தம்பி அல்லது தங்கச்சியோட காலேஜ் செலவு. அப்பா ஃபீஸ் கட்டுவார், "மீதியை நீ பார்த்துக்கோப்பா"ன்னு சொல்லிடுவார். அந்த மீதியில பெரிய தொகை ஹாஸ்டல். அதனால அதைத்தான் முதல்ல வெட்டுவோம். "வீடு இருக்கும்போது ஹாஸ்டல் எதுக்கு? காலேஜ் பஸ்தான் மெயின் ரோட்டுக்கே வருதே!"

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல ஆகுதுன்னா, கடைசி ரெண்டு வருஷமாவது அவங்களை ஹாஸ்டல்ல விடுங்க. அதுக்காக உங்க எஸ்.ஐ.பி. கொஞ்சம் குறைஞ்சாலும் பரவாயில்ல. சேமிப்பு பத்திப் பேசுறவன் இப்படிச் சொல்றானேன்னு நினைக்காதீங்க, கணக்கு போட்டுத்தான் சொல்றேன்.

வானகரத்தையே எடுத்துக்குவோம். பூந்தமல்லி ஹைரோட்டுல இருக்கு, பக்கத்துலயே பைபாஸ். ஊருக்கு நடுவுல இருக்குற மாதிரிதான் தோணும். ஆனா நம்ம பிள்ளைங்களுக்கு சீட் கிடைக்கிற இன்ஜினியரிங் காலேஜ்கள்ல நிறைய, ஓ.எம்.ஆர். பக்கமோ ஜி.எஸ்.டி. ரோடு பக்கமோ இருக்கு. கேளம்பாக்கம் பக்கம்னா பைபாஸ் ஏறி பெருங்களத்தூர், வண்டலூர், அப்புறம் கேளம்பாக்கம் ரோடு. காலைல 6 மணிக்கு பஸ் ஏறினா 8 மணிக்கு காலேஜ். சாயங்காலம் 4 மணிக்குக் கிளம்பினா, பெருங்களத்தூரும் மதுரவாயலும் மனசு வெச்சா 6.30-க்கு வீடு. வானகரம் மண்டபத்துல ஒரு கட்சிப் பொதுக்குழு நடக்குற நாள்னா அன்னைக்குக் கணக்கே கிடையாது. (2022 ஜூன், ஜூலைல அ.தி.மு.க. பொதுக்குழு ரெண்டு தடவை இங்கதான் நடந்துச்சு.)

சிலர் "மெட்ரோ வந்துட்டா எல்லாம் சரியாகிடும்"னு சொல்வாங்க. மெட்ரோ ரெண்டாம் கட்டத்துல கலங்கரை விளக்கத்துலேருந்து பூந்தமல்லி வர்ற பாதை போரூர், ஐயப்பன்தாங்கல், குமணன்சாவடி வழியாப் போகுது. ஹைரோட்டுல இருக்குற வானகரம் அதுல வராது. அதை நம்பி இந்த நாலு வருஷத்தைத் திட்டமிடாதீங்க.

இப்போ கணக்கு. இது ஒரு மாதிரிக்குத்தான், உங்க காலேஜ் ரசீதைப் பார்த்து உங்க எண்களைப் போட்டுக்கோங்க.

ஹாஸ்டல், மெஸ் ரெண்டும் சேர்த்து வருஷம் 1,30,000 ரூபாய்னு வைங்க. வார இறுதில வீட்டுக்கு வந்து போறது, வெளிய சாப்பிடுறது இன்னொரு 10,000. மொத்தம் 1,40,000. வீட்டிலிருந்து போனா காலேஜ் பஸ் 50,000. வீட்டுச் சாப்பாடு சும்மா வர்றதில்ல, அம்மா கணக்குல அது தெரியாது, அவ்வளவுதான். மாசம் 3,000 வெச்சா பத்து மாசத்துக்கு 30,000. ஆக மொத்தம் 80,000. மிச்சம் 60,000.

சரி, அந்த 60,000-க்கு என்ன கொடுக்குறோம்? தினம் நாலரை மணி நேரம். வருஷம் 180 காலேஜ் நாள்னா 810 மணி நேரம். எட்டு மணி நேர ஷிப்டாப் பார்த்தா நூறு நாள் வேலை! 60,000-ஐ 810-ஆல வகுத்தா மணிக்கு 74 ரூபாய். மாசம் 40,000 சம்பளம் வாங்குற நீங்க, 22 நாள், 9 மணி நேரம்னு பார்த்தா மணிக்கு 200 ரூபாய் வாங்குறீங்க. தங்கச்சியோட ஒரு மணி நேரத்தை 74 ரூபாய்க்கு வித்துட்டு "மிச்சம் பிடிச்சோம்"னு சொல்லிக்கிறோம்.

அதே வானகரம் வீடு, ஆனா காலேஜ் கிண்டின்னு வைங்க. போக வர ரெண்டு மணி நேரம். மாநகரப் பேருந்து மாதப் பாஸ் 1,000 ரூபாய், பத்து மாசத்துக்கு 10,000. சாதாரணக் கட்டணப் பேருந்துன்னா 2021 மே மாசத்துலேருந்து பெண்களுக்கு டிக்கெட்டே இல்ல. பாஸ் எடுத்தாலும் சாப்பாட்டோட சேர்த்து 40,000-தான் ஆகும். மிச்சம் 1,00,000, செலவாகுற நேரம் 360 மணி. மணிக்கு 277 ரூபாய்! இங்க கண்ணை மூடிக்கிட்டு வீட்டிலிருந்தே போகச் சொல்லுங்க. அதனால "வீட்டிலிருந்து போறது நல்லதா கெட்டதா"ன்னு பொதுவா கேக்குறதே தப்பு. மணிக்கு எவ்வளவுன்னு கேளுங்க.

"பஸ்ல படிக்கலாமே?" காலைல பஸ்ல எல்லாரும் தூங்குவாங்க. நானும் அப்படித் தூங்கிக்கிட்டே போனவன்தான். பயணத்தைவிடப் பெரிய இழப்பு, பஸ் 4 மணிக்குக் கிளம்புறது. லேப்ல புராஜெக்ட் வேலை, ஹேக்கத்தான், பிளேஸ்மென்ட் பயிற்சி, சீனியரோட உக்கார்ந்து ரெஸ்யூம் பார்க்குறது, இதெல்லாம் பெரும்பாலும் 4 மணிக்கு மேலதான் நடக்குது. மூணாவது வருஷத்துலேருந்து அதுதான் முக்கியம். முதல் ரெண்டு வருஷம் பஸ்ல போய் வரட்டும்னு நான் ஒத்துக்குறதும் அதனாலதான்.

ஹாஸ்டல்ல விட்டா அந்த 810 மணி நேரமும் படிப்பாங்களா? மாட்டாங்க. பாதி நேரம் ரீல்ஸ்ல போகும், நமக்குத் தெரியாதா என்ன? ஆனா மீதிப் பாதியாவது அவங்க கையில இருக்கும்.

இப்போ எஸ்.ஐ.பி. விஷயம். வருஷம் 60,000-ன்னா மாசம் 5,000. ரெண்டு வருஷத்துக்கு 1,20,000. "அதை மியூச்சுவல் ஃபண்டுல போட்டா இருபது வருஷத்துல 12 சதவீதத்துல பதினொண்ணரை லட்சம் ஆகுமே"ன்னு நீங்களே கேப்பீங்க. ஆகலாம், 12 சதவீதம் வரும்னு யாரும் எழுதிக் கொடுக்கல. ஆனா அந்தப் பதினொண்ணரை லட்சம் உங்க பேர்ல ஏறும். 810 மணி நேரம் அவ பேர்ல போகும். சேமிக்கிறவர் ஒருத்தர், விலை கொடுக்குறவர் இன்னொருத்தர்னா அதைச் சிக்கனம்னு சொல்ல எனக்கு மனசு வரல. பைக் இ.எம்.ஐ.யோ புது போனோ தள்ளிப்போட முடியுமான்னு முதல்ல பாருங்க. முடியலன்னா எஸ்.ஐ.பி.யைக் குறைங்க. டேர்ம் இன்சூரன்ஸ், மெடிக்கல் இன்சூரன்ஸ், அவசர நிதி, இந்த மூணுலயும் கை வைக்காதீங்க.

"பொண்ணை வெளிய தங்க வைக்கிறதா?"ன்னு வீட்ல கேப்பாங்க. அந்தப் பயத்தைக் கிண்டல் பண்ணாதீங்க. ஒரு நாள் அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போய் ஹாஸ்டலையும் வார்டனையும் காட்டுங்க. அதுக்கு முன்னாடி அவகிட்டயே கேளுங்க, வீட்லயே இருக்கேன்னு அவ சொன்னா என் கணக்கைத் தூக்கிப் போட்டுடுங்க.

மாசம் 5,000 உங்களால முடியாதுன்னா கல்விக் கடன்ல ஹாஸ்டல், மெஸ் கட்டணத்தையும் சேர்த்துக் கேக்கலாம். 7.5 லட்சம் வரைக்கும் பொதுவா சொத்து அடமானம் கேக்க மாட்டாங்க. படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் தவணை கிடையாது, வட்டி மட்டும் ஏறிக்கிட்டே இருக்கும். ஒரு விஷயம் கவனிங்க: பழைய வரி முறையில கிடைக்கிற வட்டிக் கழிவு, உங்களுக்கும் உங்க கணவன் அல்லது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும், நீங்க சட்டப்படி கார்டியனா இருக்குற மாணவருக்கும் வாங்குற கடனுக்குத்தான். தம்பி தங்கச்சிக்குக் கிடையாது. புதிய வரி முறையில அந்தக் கழிவே இல்ல. அதனால கடன் அவ பேர்லயே இருக்கட்டும், அப்பா சேர்ந்து கையெழுத்துப் போடட்டும்.

அரசுப் பள்ளில படிச்சு 7.5 சதவீத ஒதுக்கீட்டுல இன்ஜினியரிங் சேர்ந்திருந்தா, ஹாஸ்டல் கட்டணத்தையும் அரசே ஏத்துக்கும்னு 2021 செப்டம்பர்ல முதல்வர் ஸ்டாலின் அறிவிச்சிருக்கார். அவங்க பஸ்ல போய் வர்றதுக்குப் பணக் காரணமே இல்ல. காலேஜ் ஆபீஸ்ல கேளுங்க.

மூணாவது வருஷம் ஹாஸ்டல் வேணும்னா ரெண்டாவது வருஷம் முடியுறதுக்கு முன்னாடியே எழுதிக் கொடுத்துடுங்க, ரூம் காலியா இருக்கணும். அதுவரைக்கும் அடுத்த வருஷத்து பஸ் ஃபீஸைக் கட்டாதீங்க. கட்டிட்டா அதைத் திரும்ப வாங்குறது கஷ்டம்.