கை கற்ற பாடம்

2012 அக்டோபரில் விண்டோஸ் 8 வந்தபோது, திரையின் இடது கீழ்மூலையில் ஸ்டார்ட் பொத்தானைக் காணோம். விண்டோஸ் 95 முதல் பதினேழு ஆண்டுகளாக அது அங்கேதான் இருந்தது. கணினியை அணைக்கக்கூட வலது ஓரத்தில் ஒளிந்திருந்த பட்டையை வரவழைத்து, செட்டிங்ஸுக்குள் போய் வழி தேட வேண்டியிருந்தது. தொடுதிரையை மனத்தில் வைத்துச் செய்த மாற்றம், மவுஸ் பிடித்து வேலை செய்பவர்கள் தலையிலும் விழுந்தது. மறு ஆண்டே 8.1இல் பொத்தான் திரும்பியது. 2015இல் விண்டோஸ் 10இல் ஸ்டார்ட் மெனுவும் திரும்பியது.

அதற்காகப் புதுமையே கூடாது என்பதல்ல. இன்று எல்லாரும் வெட்டி ஒட்டுகிறோமே, அதுவும் ஒரு நாள் புதிதாக வந்ததுதான். 1970களில் ஜெராக்ஸின் பார்க் ஆய்வகத்தில் பிராவோ என்ற எழுதும் மென்பொருள் இருந்தது. அதில் கட்டளையிட ஒரு நிலை, எழுத இன்னொரு நிலை. கட்டளை நிலையில் இருப்பதை மறந்து ‘எடிட்’ என்று ஆங்கிலத்தில் அடித்தால், முதல் எழுத்துக்கு ஆவணம் முழுதும் தேர்வாகும், இரண்டாவதுக்கு அழிந்துவிடும், மூன்றாவதுக்கு எழுதும் நிலை வரும், நான்காவது எழுத்து மட்டும் திரையில் மிஞ்சும். லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் இந்தத் தொல்லையை ஒழிக்க முனைந்தார்கள். பதிப்பகத்தில் பிரதி திருத்துபவர்கள் தாளில் எப்படி வேலை செய்கிறார்கள் என்று அறிந்து, நிலை மாற்றும் தொல்லையின்றி வெட்டி ஒட்டக்கூடிய ஜிப்சி என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். டெஸ்லர் பிறகு ஆப்பிளுக்குப் போனார். அங்கே 1983இல் வந்த லிசா கணினியில் வெட்ட, நகலெடுக்க, ஒட்ட என்று அமைந்த எக்ஸ், சி, வி விசைகளை இன்றும் நம் விரல்கள் பார்க்காமலே தொடுகின்றன.

இரண்டுமே புதுமைதான். ஒன்று மனிதரின் வேலையிலிருந்து பிறந்து எல்லாருக்கும் பொதுவானது. மற்றொன்று நிறுவனத்தின் தேவையிலிருந்து பிறந்து, மக்கள் கற்றிருந்ததைப் பறித்தது.

பேரனிடம் கேட்டுக் கேட்டு வங்கிச் செயலியில் பணம் அனுப்பக் கற்ற மூதாட்டிக்கு, பொத்தான் இருக்கும் இடம்தான் செயலி. ஒரே இரவில் அதை இடம் மாற்றி, எழுத்தை எடுத்துவிட்டு வெறும் படக்குறி வைத்தால், மறுநாள் அவர் மறுபடி பிறர் கையை எதிர்பார்த்து நிற்க வேண்டும். அவர் உழைத்துச் சேர்த்த அறிவு அது. கலைக்க நமக்கு உரிமையில்லை.

இடைமுகம் அமைக்கும் நண்பர்களிடம் நாம் கேட்பது இதுதான்: உங்கள் தனித்தன்மையைச் செயலி செய்துதரும் வேலையில் காட்டுங்கள். பழகிய ஒன்றை மாற்றத்தான் வேண்டுமென்றால், அதைப் பயன்படுத்துபவர் பக்கத்தில் முதலில் உட்கார்ந்து பாருங்கள். அவருடைய சிரமம் குறையும் என்று உறுதியானால் மாற்றுங்கள். இல்லையென்றால் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.