கடைக் கணினி எழும்பவில்லையா? முதலில் கணக்கைக் காப்பாற்றுங்கள்

மன்னார் வீதியில் பூவரசங்குளத்தில் பலசரக்கும் பசளையும் விற்கும் நண்பர் ஒருவரின் கடைக் கணினி கடந்த ஜனவரியில் ஒருநாள் காலை எழும்ப மறுத்துவிட்டது. பொத்தானை அமுக்கினால் உள்ளே விசிறி அரை நொடி சுற்றும், நின்றுவிடும். திரையில் எதுவும் வராது. வவுனியாவில் கணினி திருத்துபவர் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டிருக்கிறார். "மதர்போட் போயிருக்கும் நானா. பழைய சாமான். புதுசு ஒன்று எடுங்க, வின்டோஸ் அடிச்சுத் தாறன்" என்று பதில் வந்தது. பெட்டியைக் கண்ணால் பார்க்காமலே தீர்ப்பு.

நண்பர் கலங்கியது கணினியின் விலையை நினைத்தல்ல. காலபோகத்துக்கு விதைத்தவர்கள் ஒக்டோபரிலிருந்து பசளை, கிருமிநாசினி, வீட்டுச் சாமான் எல்லாவற்றையும் கடனுக்கு எடுத்துவிட்டு, அறுவடை முடிந்து நெல் விற்ற பிறகுதான் கணக்குத் தீர்ப்பார்கள். வன்னியில் கடை வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. அந்தக் கடன் பட்டியல் முழுவதும் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. வேறு பிரதி இல்லை. இவருடைய வாப்பா இடம்பெயர்ந்த காலத்தில் கடன் கொப்பியைச் சாரத்து மடியில் கட்டிக்கொண்டு போனவர். மகன் கொப்பியை விட்டுக் கணினிக்கு மாறினார், மடியில் கட்டும் பழக்கத்தையும் அதோடு விட்டுவிட்டார். வாங்கியவர்கள் நேர்மையானவர்கள்தான். ஆனால் அவர் நினைப்பில் ஒரு தொகையும் இவர் நினைப்பில் ஒரு தொகையும் இருந்தால், இருபது வருடப் பழக்கம் ஒரு மூடை பசளையில் முறிந்துவிடும்.

ஆகவே பழைய கணினி எழும்பாவிட்டால் திருத்துவதா புதிது வாங்குவதா என்பது இரண்டாவது கேள்வி. ஹாட் டிஸ்க்கைக் கழற்றி வெளியே எடுப்பதுதான் முதல் வேலை. பெட்டி செத்தாலும் பெரும்பாலான வேளைகளில் டிஸ்க் உயிரோடு இருக்கும். யூ.எஸ்.பி.யில் மாட்டும் சிறிய அடப்டர் ஒன்றின் மூலம் அதை வேறொரு கணினியில் இணைத்து, கணக்கு மென்பொருளின் கோப்புகளைப் பிரதி எடுத்துக்கொள்ளலாம். டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு முறை மின் கொடுக்கும்போதும் சேதம் கூடும். பிரதி கைக்கு வராமல் அந்த டிஸ்க்கில் வின்டோஸ் அடிக்க எவரையும் அனுமதிக்காதீர்கள். எழும்பாத கணினியால் அழிந்த கணக்குகளை விட, திருத்துகிறேன் என்று 'ஃபோர்மட்' செய்ததால் அழிந்த கணக்குகள் அதிகம் என்பது என் எண்ணம்.

நண்பரின் பெட்டியை நானும் கூட இருந்து திறந்தேன். உள்ளே செம்மண் தூசு, பவர் சப்ளையின் காற்று ஓட்டைகளில் எறும்புப் புற்று. டிஸ்க்கை எடுத்துக் கணக்கைப் பிரதி செய்த பின்னர்தான் மற்றதைப் பார்த்தோம். மின்வயரைக் கழற்றிவிட்டுப் பொத்தானைச் சில நொடி அமுக்கி, மிச்ச மின்னை வெளியேற்றினோம். ராம் தட்டைக் கழற்றி, அதன் பொன்னிறத் தொடுமுனைகளைப் பென்சில் அழிறப்பரால் தேய்த்து மீண்டும் செருகினோம். எழும்பாத கணினிகளில் கணிசமானவை இந்த ஐந்து சத அழிறப்பரோடு எழும்பிவிடும். இது எழும்பவில்லை. மதர்போட்டிலுள்ள நாணயம் போன்ற சி.ஆர். 2032 பற்றரி 3 வோல்ட் காட்ட வேண்டும், அதுவும் சரியாகவே இருந்தது. கடைசியாகப் பக்கத்துப் போட்டோகொப்பிக் கடையில் பவர் சப்ளை ஒன்றை இரவல் வாங்கி மாட்டினோம். எழும்பிவிட்டது. மதர்போட்டுக்கு ஒன்றுமே இல்லை!

விசிறி அரை நொடி சுற்றி நிற்பது, எங்கோ ஷோர்ட் ஆகியிருக்கிறது அல்லது பவர் சப்ளை சுமை தாங்காமல் தன்னை அணைத்துக்கொள்கிறது என்பதற்கான அடையாளம். மல்டிமீட்டர் இருந்தால் 12, 5, 3.3 வோல்ட் வயர்களை அளந்து பார்க்கலாம். நூற்றுக்கு ஐந்துக்கு மேல் கூடிக் குறைந்தால் அது கழிவுதான். ஆனால் அந்தத் தகரப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். வயரைக் கழற்றிய பிறகும் உள்ளேயுள்ள கபசிற்றரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

கபசிற்றர் என்ற இந்தச் சிறு உருளைகள் ஊதிப் போவது பெரிய நிறுவனங்களையே ஆட்டியிருக்கிறது. 2003 மே முதல் 2005 ஜூலை வரை டெல் நிறுவனம் அனுப்பிய கணினிகளில் 118 இலட்சத்துக்குக் குறையாதவை இந்தப் பழுதுக்கு ஆளாகக்கூடியவை என்று 2010இல் அமெரிக்க நீதிமன்ற ஆவணங்கள் மூலம் தெரியவந்தது. நமது பக்கத்தில் மின்வெட்டும் இடியும் அந்த வேலையைச் செய்கின்றன. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நடந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். மின் போகும்போது அல்ல, திரும்பி வரும்போதுதான் அடி விழுகிறது. சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரத்து இடிக்கு முன் பிளக்கைக் கழற்றுவதற்குச் செலவே இல்லை.

திருத்துபவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. ஒரு மணித்தியாலம் குனிந்திருந்து "ராமில் தூசுதான்" என்று சொன்னவனுக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? "சும்மா துடைச்சதுக்குக் காசா தம்பி?" என்கிறோம். சாமான் மாற்றினால்தான் காசு என்று நாமே பழக்கிவிட்டோம், அவர்களும் சாமான் மாற்றுகிறார்கள். வாகனம் பார்க்கும் மெக்கானிக்குக் கொடுப்பது போல் பார்த்ததற்கென்று ஒரு கூலியை முன்கூட்டியே பேசிக்கொண்டால், அநாவசியமாக மதர்போட் வாங்கும் செலவு நமக்கு மிஞ்சும்.

கணினி எழும்பிய பிறகு நண்பர் அதைக் கொஞ்சம் வேகமாக்கவும் விரும்பினார். மூன்றாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம். இப்படிப்பட்டதற்கு இரண்டு மாற்றம் போதும். ஹாட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி, ராமை 8 ஜிபி ஆக்குவது. ஹாட் டிஸ்க்கில் தட்டுச் சுழன்று ஊசி இடம் தேடுவதற்கு 10 மில்லிசெக்கன் அளவு பிடிக்கும். எஸ்.எஸ்.டி.யில் சுழல எதுவும் இல்லை, பத்தில் ஒரு மில்லிசெக்கன்தான். பில் அடிக்கும் கணினி நாள் முழுக்கச் சிறு சிறு துண்டுகளைத் தேடிக்கொண்டிருப்பதால் வித்தியாசம் முதல் நாளே தெரியும். பழைய டி.டி.ஆர். 3 ராம் பாவித்ததாகவே கிடைக்கிறது. 2025இன் பிற்பகுதியில் உலகச் சந்தையில் ராம் விலை ஏறிய பிறகு, பாவித்ததைத் தேடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒரு சிக்கல் உண்டு. வின்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. வீட்டுப் பாவனையாளர்களுக்குத் தரப்பட்ட நீடிப்பும் 2026 ஒக்டோபர் 13 வரைதான். வின்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறைக்குக் குறைந்ததை முறைப்படி ஏற்காது. நண்பருக்கு நான் சொன்னது: கணக்குக்கும் பில்லுக்கும் இதையே வைத்திருங்கள், இன்டர்நெட் வயரைக் கழற்றிவிடுங்கள், வங்கி வேலையை இதில் செய்ய வேண்டாம். லினக்ஸ் போடலாம்தான், ஆனால் அவருடைய கணக்கு மென்பொருள் அதில் ஓடாது.

டி.டி.ஆர். 2 காலத்துப் பெட்டியில் ஒரு ரூபாயும் போடாதீர்கள். டிஸ்க்கை எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிடுங்கள். மதர்போட் உண்மையாகவே போய், அதோடு புரொசெசரும் ராமும் மாற வேண்டும் என்றாலும் அப்படியே. அப்போதும் புதிதுதான் வேண்டும் என்றில்லை, எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட பாவித்த அலுவலகக் கணினி ஒன்று கடைக்குத் தாராளம். 2022 மார்ச்சில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 வரை ஏறியபோது, புதிதுக்குக் காசு கட்டிவிட்டுக் காத்திருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

நண்பர் மாற்றியது பவர் சப்ளை, எஸ்.எஸ்.டி, ஒரு ராம் தட்டு. யூ.பி.எஸ். ஒன்றும் வாங்கினார். இப்போது கடை பூட்டும் முன் கணக்கைப் பென் டிரைவில் எடுத்து வீட்டுக்குக் கொண்டு போகிறார். வியாழன் பின்னேரங்களில் கடன் பட்டியலைத் தாளில் அச்சடித்து, வாப்பாவின் பழைய தகரப் பெட்டிக்குள் வைக்கிறார்.